தேசிக்காய்த் தொப்பி

மச்சான்,

இன்று புரோசார்ட் தமிழ்க் கடையில் தேசிக்காய் பொறுக்கும்போது ஒன்றின் தோலில் நகம் பட்டுவிட்டது. எலுமிச்சை மணம் வந்ததும் கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். தன் புளுகால் மூன்று கண்டங்களை நடுங்கவைத்த உன் மச்சானுக்கு ஒரு தேசிக்காய் தூக்கத் தெம்பில்லை.

உன் வலது பெருவிரல் வீங்கியபோது நகச்சுற்று என்று தீர்ப்பளித்த மகா வைத்தியன் நான்தான். தேசிக்காயின் தலையைச் சீவி, குடைந்து, மஞ்சள் தடவி விரலுக்குத் தொப்பி மாட்டினேன். மூன்று வாரம், நாளுக்கொரு தொப்பி. ஊரிலுள்ள தேசிக்காயெல்லாம் இவன் ஒரு விரலுக்கே முடிந்ததென்று, காட்ஸ் விளையாட வந்தவர்களிடம் முழங்கினேன். நீ தொப்பியோடே காட்ஸ் பிரித்தாய்.

அதற்கு நாலு வருஷம் முன்பு கான்சரோடு உன் ஒரு கிட்னியை எடுத்திருந்தார்கள். எல்லாம் போயிற்று என்றிருந்தோம். இடுப்பில் இருந்தது பெருவிரலுக்கு வருமென்று யார் கண்டது?

பிரெஞ்சு பேசும் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் உனக்கு போன்ஜூரும் மெர்சியும்தான் தெரியும். நான் உன் அரசவை மொழிபெயர்ப்பாளன். உன் பிரஷரைப் பார்த்து டாக்டர் மயங்கி விழுந்தார் என்று முன்பொருமுறை மொழிபெயர்த்தவன். மூன்று வாரமாகியும் வீக்கம் வற்றாமல் உன்னைக் கூட்டிப்போன அன்று டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி மெதுவாகச் சொன்னார்: விரல் எலும்பில் பாதி இல்லை, கிட்னியில் இருந்ததுதான் அங்கே குடியேறியிருக்கிறது, தலைத்தோலில் இருந்த சின்னக் கட்டியும் அதுவே.

"சின்னப் பிரச்சினையாம். மருந்து தருவினமாம்" என்றேன்.

மூன்று வாரத் தொப்பியால் தாமதமாகிவிட்டதா என்று டாக்டரிடம் கேட்க இருந்த பிரெஞ்சு முழுவதும் மறந்துபோனது. இன்றுவரை எவரிடமும் கேட்கவில்லை.

திரும்பும்போது பாலத்தில் கார்கள் நகரவில்லை. நீ ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "தடிமன், தும்மல் வந்தாலே எனக்குச் சவப்பெட்டிக்கு அளவெடுக்கிறவன் நீ. இண்டைக்குச் சின்னப் பிரச்சினை எண்டிட்டாய். சரி, விளங்கிட்டுது."

பிறகு என் பக்கம் திரும்பினாய்:

"உன்ர தங்கச்சிக்கு நான் சொல்லுறன். நீ இனிப் பழையபடி பெரிசாப் புளுகு. அதுதான் எனக்குப் பயமில்லாம இருக்கு."

கடைசி நாள் வரை புளுகினேன். கட்டில் மட்டத்துக்குப் பனி ஏறியதென்றேன், உன்னைப் பார்க்க மேயர் வாசலில் நிற்கிறார் என்றேன். நீ கண்ணை மூடியபடி, "நிக்கட்டும்" என்றாய்.

அப்போது நடக்கப் பழகிய உன் சின்னவள் போன கிழமை கேட்டாள்: "மாமா, அப்பா எப்பிடி ஆள்?"

பத்து நாள் விடாமல் சொல்லக்கூடிய வாய் இது. "நல்ல மனிசன், அம்மா" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

ஏனென்று உனக்கு விளங்கும்.