அமாவாசையன்று குளம் திறக்க வேண்டி

அனுப்புநர்
பேச்சியம்மாள்,
க/பெ. இருளப்பன், கைத்தறி நெசவு,
கீழத்தெரு, தாழையூத்துப்பட்டி,
சின்னாளபட்டி வழி, திண்டுக்கல் தாலுகா, மதுரை ஜில்லா.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
ஊராட்சி ஒன்றிய அலுவலகம்,
தாழையூத்துப்பட்டி.

பொருள்: பொதுமக்கள் பொழுதுபோக்கு நிலையமும் அதனைச் சேர்ந்த நீச்சல் குளமும் மூடப்பட்டது – பெண்கள் நேரத்தை அமாவாசைக்கு மாற்றித் திரும்பத் திறக்க வேண்டுவது – குளத்துக் காவலர் ராயப்பராஜ் மீது நடவடிக்கை வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது.

பார்வை: தங்கள் அலுவலக வாசலில் 12.8.1963 அன்று ஒட்டிய அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் நன்றி சொல்லிவிட்டுத்தான் புகாரைச் சொல்ல வேண்டும். தூர்ந்து கிடந்த பழைய படிக்கிணற்றை வெட்டி ஆழப்படுத்தி, நான்கு பக்கமும் படி கட்டி, இரும்பு ஏணி வைத்து, ரேடியோ அறையும் சேர்த்து 1962 பொங்கலுக்குத் திறந்துவைத்தவர் தாங்கள். எங்கள் ஊருக்கு எத்தனையோ அதிகாரிகள் வந்திருக்கிறார்கள். ரோடு போட்டார்கள், விளக்கு போட்டார்கள். பெண்கள் நீந்துவதற்கு என்று நேரம் ஒதுக்கி, பனையோலைத் தட்டி மறைப்பும் வைத்துக் கொடுத்தவர் தாங்கள் ஒருவர்தான். கீழத்தெருவில் தங்களுக்காகச் சாமியிடம் வேண்டிக்கொள்ளாத வீடு இல்லை. இது முகஸ்துதி அல்ல.

2. அந்தக் குளத்தை மூடிவிட்டதாகவும், அக்டோபர் முதல் தேதி மண் கொட்டி மேடாக்கி அங்கே உரக் கிடங்கு கட்டப்போவதாகவும் அறிவிப்பில் கண்டேன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரையான பெண்கள் நேரத்தில் கடந்த ஓராண்டில் மூன்று பேர் மட்டுமே வந்திருப்பதால் பொதுமக்களின் ஆதரவு இல்லை என்று காரணம் எழுதியிருக்கிறது. பதிவேட்டில் உள்ளது உண்மைதான். அந்த மூவரில் இருவர் தங்கள் இல்லத்து அம்மாவும் அவர்களுடைய தங்கையும் என்று கேள்விப்படுகிறேன். தாங்களும் நான்கு ஞாயிறு நேரில் வந்து, வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போனதாக அறிந்தேன். பெரிய மனதோடு ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிட்டு அது ஆளில்லாமல் கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் மனம் விட்டுத்தான் போகும். தங்கள் மீது எங்களுக்கு வருத்தம் இல்லை.

3. ஆனால் ஐயா, ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு விடுமுறை அல்ல. அது உத்தியோகம் பார்ப்பவர்களுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் விடுமுறை. கூட்டுறவுச் சங்கத்தில் திங்கட்கிழமை காலையில்தான் சேலையை ஒப்படைக்க வேண்டும். அதனால் ஞாயிறன்று எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் முந்தானை நெய்து முடிக்கிற அவசரம். அன்று தறிக்குழியை விட்டு எழுந்தால் மாமியார் கேட்பார், மாமியார் இல்லாத வீட்டில் தறியில் ஏற்றிய பாவு நூல் கேட்கும். நெசவாளிக்கு ஓய்வு அமாவாசையன்று மட்டுமே. அன்று ஊரில் ஒரு தறிச் சத்தமும் இருக்காது. இது எங்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம் என்பதால், தங்களுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டோம். சொல்லாமல் இருந்தது எங்கள் தவறு.

4. அமாவாசையன்று என்ன நடந்தது என்பதை இனி மறைக்காமல் எழுதுகிறேன். குளம் திறந்த மறுமாதமே நாங்கள் ஏழெட்டுப் பேர் போய்க் காவலர் ராயப்பராஜ் அவர்களிடம் நின்றோம். விதிப்படி ஞாயிறு மட்டும்தான் என்றார். நாங்கள் நகரவில்லை. கடைசியில், "சரி, செத்த நேரம் தெறந்து விடுறேன். நான் வெளியில ரோட்டப் பாத்து உக்காந்துக்கிறேன். சத்தம் போடாமக் குளிச்சிட்டுப் போங்க தாயி" என்றார். அன்றிலிருந்து கடந்த ஆடி அமாவாசை வரை ஒரு மாதம் தவறாமல் திறந்துவிட்டார். நாங்கள் சத்தம் போடாமல் இருந்ததில்லை. விதிக்குப் புறம்பான நாள் என்பதால் பதிவேட்டில் எங்கள் பெயரை அவரால் எழுத முடியவில்லை. ஐயா பார்த்த பதிவேட்டில் மூன்று பேர். குளத்தில் மாதந்தோறும் நாற்பதுக்குக் குறையாத பெண்கள்.

5. எங்களில் பெரும்பாலோர் நீந்தத் தெரியாமல் வந்தவர்கள். வளையல் விற்கும் காதர் பீவி அக்கா மஞ்சளாற்றங்கரையில் பிறந்தவர். அவர்தான் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி ஒவ்வொருவராக இறக்கிவிட்டார். "காலை அடி புள்ள, கையால தண்ணியக் கெஞ்சாத" என்று என்னை அவர் ஏசியது மேலத்தெரு வரை கேட்டிருக்கும். ஒருத்தி புதுச் சுங்குடிச் சேலையோடு இறங்கிவிட, சாயம் கரைந்து குளத்தில் ஒரு மூலை முழுவதும் சிவந்துபோய், ராயப்பராஜ் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று தட்டிக்கு வெளியே நின்று மாதாவைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு சாயம் போன பழைய சேலை கட்டி வந்தால்தான் இறங்கலாம் என்று நாங்களே ஒரு விதி போட்டுக்கொண்டோம். அதை ஒருவரும் மீறியதில்லை.

6. ஆண்களுக்கு ஊரைச் சுற்றிலும் தோட்டத்துக் கிணறுகள் இருக்கின்றன. வேண்டியபோது குதித்துவிட்டு வருவார்கள். ஒரு பெண் கிணற்றில் இறங்கினால், வீட்டில் என்ன குறையோ என்று ஊரே கயிற்றோடு ஓடிவரும். பெண் தண்ணீரில் இறங்குவது சாவதற்கு மட்டுமல்ல என்று இந்த ஊர் கண்டுகொண்டது தாங்கள் கட்டிய குளத்தில்தான்.

7. குழித்தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு இரண்டு காலும் மரத்துப்போய், தறியின் மிதிகட்டையை மிதிக்க முடியாமல் இருந்தது. நீந்தத் தொடங்கி ஓராண்டில் குணம் தெரிகிறது. இதையே பெரிதாக எழுதும்படி என் கணவர் சொன்னார். நோய் என்றால் சர்க்கார் இரங்கும் என்பது அவருடைய எண்ணம். கால் விஷயம் உண்மைதான். ஆனால் வைத்தியத்துக்காகத்தான் போனோம் என்று எழுதினால் அது பொய். சந்தோஷத்துக்காகத்தான் போனோம். மாதத்தில் அந்த இரண்டு மணி நேரம் எங்களை யாரும் கூப்பிடுவதில்லை. சோறு எங்கே, நூல் எங்கே என்று கேட்பதில்லை. ரேடியோ அறையில் பாட்டு வைத்திருப்பார்கள். மல்லாந்து மிதந்தால் காது தண்ணீருக்குள் போய் அதுவும் கேட்காது. முப்பத்தாறு வயதில் எனக்குக் கிடைத்தது அது. இதற்கு எப்படி நன்றி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

8. பூட்டிய செய்தி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆகஸ்டு 19ஆம் தேதி ஆவணி அமாவாசையன்று வழக்கம்போல் நாற்பத்திரண்டு பேர் போய் நின்றோம். ராயப்பராஜ் அவர்களிடம் சாவி இருந்தது. ஆனால் மூடச் சொல்லித் தங்கள் கையெழுத்தோடு தாள் வந்துவிட்டது என்று எங்கள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். திரும்பிவிட்டோம்.

9. இந்த மனுவை எழுத இரண்டு வாரம் தாமதித்ததற்குக் காரணம் உண்டு. குளத்துக்கு ஆள் வந்தார்கள் என்று நிரூபிக்க வேண்டுமானால், அவர் விதியை மீறினார் என்றும் எழுதியாக வேண்டும். எங்களுக்கு நல்லது செய்தவரை நாங்களே காட்டிக்கொடுப்பதா என்று தெருவில் பேச்சு வந்தது. கடைசியில் நானே அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "எழுதுங்கம்மா. கொளமே இல்லாமப் போனாக் காவக்காரனுக்கு அங்க என்ன சோலி" என்றார். அந்தச் சொல்லைத் தன் வாக்குமூலமாகவே சேர்க்கச் சொன்னார். ஐயா அவர்கள் யாரையாவது கண்டித்தே ஆக வேண்டுமென்றால், அவரை நச்சரித்துக் கதவைத் திறக்கவைத்த எங்களைக் கண்டிக்க வேண்டும். இந்த மனுவில் கையொப்பமும் கைநாட்டும் இட்டுள்ள நாற்பத்திரண்டு பேரும் அதற்குச் சம்மதிக்கிறோம்.

10. ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, மண் கொட்டும் உத்தரவை நிறுத்தி, பெண்கள் நேரத்தை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அமாவாசைக்கு மாற்றி, ராயப்பராஜ் அவர்களையே காவலராக வைத்துக் குளத்தைத் திரும்பத் திறக்க வேண்டும். வேறு எதுவும் கேட்கவில்லை.

11. வருகிற 17ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மகாளய அமாவாசை. பிற்பகல் மூன்று மணிக்கு நாங்கள் அனைவரும் குளத்து வாசலுக்கு வருவோம். பூட்டைத் தொட மாட்டோம், ராயப்பராஜ் அவர்களிடம் சாவி கேட்டு அவரைச் சங்கடப்படுத்தவும் மாட்டோம். தாங்கள் இல்லத்து அம்மாவோடு வந்து எங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணிய தொகையைத் தங்கள் கையாலேயே பதிவேட்டில் எழுத வேண்டும். அதற்கு மேல் தங்கள் மனம் போல் செய்யலாம். நாங்கள் மாற்றுச் சேலையோடுதான் வருவோம்.

நாள்: 2.9.1963
இடம்: தாழையூத்துப்பட்டி

என்றும் தங்களுக்கு நன்றியுள்ள,
இ. பேச்சியம்மாள்

(காதர் பீவி, சின்னக்கண்ணு, ஒச்சாயி, அய்யம்மாள் உள்ளிட்ட மற்ற நாற்பத்தொரு பேரின் கையொப்பமும் கைநாட்டும் பின்பக்கம்.)