பதினொரு திறப்பு

11.04.2005
பதினொரு வீடு. ஆட்கள் எல்லாரும் கனடா, லண்டன். பூட்டுகளின் திறப்புகள் என் சுவரில், ஆணிக்கு ஒன்றாக. கிணறு இறைப்பித்து, ஓடு மாற்றுவித்து, வீட்டுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுகிறேன்; அதற்கு ஒரு சிறு சம்பளம். நேற்று ரொறன்ரோவிலிருந்து பரராசசிங்கம் தொலைபேசியில்: "அண்ணை, பதினொரு கடிதம் எதுக்கு? ஒரு வலைப்பதிவு துவங்குங்கோ. எல்லாரும் வாசிப்பம்."
எனக்கு அறுபத்தொன்பது வயது. அரசாங்கக் கச்சேரியில் முப்பத்திநாலு வருடம் எழுதுவினைஞன். இது என்னால் முடியுமா?

25.04.2005
குறிகட்டுவான் பஸ்ஸில் யாழ்ப்பாணம். இணையக் கடையில் இரண்டு மணித்தியாலம், ஒரு விரலால். வீட்டுக்கு ஐந்தாறு வரியில் ஒரு பந்தி, இலக்கமிட்டு. இனித் திங்கட்கிழமைகளில் போவதாக உத்தேசம்.

30.05.2005
இந்த முறை வேலிகளையும் நாடா வைத்து அளந்து எழுதினேன். வாடிக்கையாளருக்கு எதையும் மறைக்கக்கூடாது அல்லவா.

13.06.2005
அழிந்தேன்.
ஏழாம் வீட்டின் கீழ் எழுதியது: "மேற்கு வேலி, எட்டாம் வீட்டார் பக்கமிருந்து ஒன்றேகால் அடி உள்ளே நகர்ந்துள்ளது." ஏழு பரராசசிங்கம். எட்டு தம்பிராசா. சம்பந்திகள். கடிதமென்றால் ஏழுக்கு மட்டும் போயிருக்கும். இப்போது பேரனின் பிறந்தநாளில் இரண்டு குடும்பமும் இரண்டு மூலையில் இருந்து சாப்பிட்டார்களாம். காணி இழந்த பரராசசிங்கமே ஏசுகிறார்: "ஆர் உங்களை நாடா எடுக்கச் சொன்னது?"

14.06.2005
தம்பிராசாவின் மச்சான் வந்து திறப்பைக் கழற்றிக்கொண்டு போனார்.

20.06.2005
இன்னும் மூன்று போயிற்று. மூவரும் சொன்னது ஒன்றுதான்: "உங்களிட்டச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி."
ஏழு திறப்பு மிச்சம்.

27.06.2005
பதிவின் கீழே தம்பிராசா ஒரு வரி எழுதியிருக்கிறார்: "உங்கட வேலியை அளந்தனீங்களோ, ஐயா?"

28.06.2005
அளந்தேன்.
என் கிழக்கு வேலிக்கு அப்பால் ஐந்தாம் வீடு, லண்டன் மீனலோசனியுடையது. மாமா பார்ப்பார் என்று நம்பி காணி உறுதியின் பிரதியைக்கூட என்னிடம் தந்தவள். உறுதிப்படி அவளுடைய கிணற்றிலிருந்து வேலிக்கு முப்பத்திரண்டு அடி. நாடா முப்பது என்கிறது. மூன்று முறை அளந்தேன்.
இடம்பெயர்ந்து தொண்ணூற்றெட்டில் திரும்பியபோது பழைய வேலி இல்லை. வேலிக்குப் புதுக் கதியால் தடிகள் நட்டவன் நான். எல்லையில் நின்ற அவளுடைய முருங்கையையும் என் பக்கம் சேர்த்து அடைத்தேன். தெரியாமலா? — தெரியாமல் என்று எழுத வந்தது. எழுதவில்லை.
மனைவி சிவக்கொழுந்திடம் சொன்னேன்.
"இஞ்சேருங்கோ, அவள் வந்து பாக்கப் போறாளே? முருங்கை எங்கட."
"இதை எழுதினால் மிச்சத் திறப்பும் போகும். உம்மட நீரிழிவு ஊசிக்குப் பென்சன் காணாது."
"அப்ப வாயை மூடிக்கொண்டு இருங்கோவன்."
சரிதான். எழுதவும் ஏலாது, எழுதாமல் இருக்கவும் ஏலாது. கடவுளே, என்ன செய்யிறது?

11.07.2005
எழுதிவிட்டேன். "ஐந்தாம் வீடு: மேற்கு வேலி இரண்டு அடி உள்ளே நகர்ந்துள்ளது. நகர்த்தியவர் இதை எழுதுபவர். அடுத்த கிழமை திருப்பிக் கட்டப்படும்." வேறு சொல் வரவில்லை. திரும்பும்போது பஸ் கடலுக்கு நடுவே தாம்போதிப் பாதையிலேயே நின்றுவிடாதா என்றிருந்தது.

19.07.2005
வேலி கட்டியாயிற்று. முருங்கை அந்தப் பக்கம். சிவக்கொழுந்து சோற்றை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுகிறாள்.

01.08.2005
மீனலோசனியிடமிருந்து ஒன்றுமில்லை. ஒருவரும் எழுதவில்லை. இன்னும் இரண்டு போய், ஐந்து திறப்பு மிச்சம். இந்த வயதில் இனி யாரிடம் போய் என்ன வேலை கேட்பேன்?

23.08.2005
நேற்றுக் கடையில், மீனலோசனியின் வரி: "மாமா, முருங்கைக்காய் பிடுங்குங்கோ. எத்தனை எண்டு பதிவில போடுங்கோ." நாலு முறை வாசித்தேன்.
வீட்டுக்கு வந்தால் எட்டாம் ஆணியில் தம்பிராசாவின் திறப்பு. மச்சான் வந்து மாட்டிவிட்டுப் போனாராம்.
இன்று காலை சிவக்கொழுந்து ஐந்தாம் வீட்டு வளவுக்குள் போய்ப் பிடுங்கி வந்தாள். "நாலெண்டு போட்டிடாதேங்கோ. ஒண்டு முத்தல்."
அடுத்த திங்களுக்கு எழுதி வைத்தேன்: ஐந்தாம் வீடு — முருங்கைக்காய் நாலு. ஒன்று முத்தல்.