பின்னட்டையில் நீங்கள்

அக்கா, உங்கள் கழுதைக் கதைப் புத்தகம் புது அச்சாகித் தபாலில் இரண்டு பிரதி வந்திருக்கிறது. உறையைப் பிரித்ததும் மை வாசம் கருவாட்டு வாசத்தையே அமுக்கிவிட்டது. முன்னட்டையை மட்டும்தான் பார்த்தேன். பின்னட்டையைத் திருப்பப் பயமாக இருக்கிறது. மடியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

முதலில் பேரப்பிள்ளைகளின் சங்கதி. நீங்கள் அதைத்தானே முதலில் கேட்பீர்கள். மூத்தவன் அன்ரனுக்கு மாவட்டக் கச்சேரியில் அரசாங்க வேலை. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை ஞாயிறு பூசைக்கும் கழற்றுவதில்லை. சின்னவள் மரியா புலமைப்பரிசில் சோதனை பாஸ். நான் படிப்பை விட்ட அதே ஐந்தாம் வகுப்பிலிருந்து அவள் பரிசோடு ஏறிப் போகிறாள். நடுவிலாள் ஜெனிற்றா, உங்கள் கதையில் கழுதையோடு போகிற பிள்ளை, படம் கீறுவதையே படிப்பாகப் படிக்க யாழ்ப்பாணம் கம்பசுக்குப் போகிறாள். பஸ்சுக்கு நின்றவர்களையும் மறித்துச் சொல்லிவிட்டேன்.

சண்டைக்கு இடம்பெயர்ந்திருந்த முகாமில் உங்கள் கூடாரமும் எங்கள் கூடாரமும் ஒரே கயிற்றில் உடுப்புக் காயப்போட்டன. நீங்கள் வயல் பக்கத்து ஆள், நான் கடற்கரைக்காரி. பிஸ்கற் பெட்டி மட்டையில் கரியால் நீங்கள் கீறிய படங்களைப் பார்க்க, பிள்ளைகள் சாப்பாட்டு வரிசையையும் விட்டு ஓடி வருவார்கள். பிறகு நாங்கள் முசலிக் கரைக்குத் திரும்பினோம். நீங்கள் மன்னாரில் வீடு எடுத்தீர்கள். அங்கே வாசலில் வந்து நின்ற கழுதைகளைப் பார்த்துத்தான் இந்தக் கதையை எழுதினீர்கள். அச்சுக்குக் கொடுக்குமுன் படங்களை என்னிடம் காட்ட வந்தீர்கள். ஜெனிற்றாவை வெறுங்காலோடு கீறியிருந்தீர்கள். எனக்கு வந்ததே கோபம்.

"என்ர பேத்திக்குச் செருப்பு இருக்கு. ஏன் வெறுங்காலோட விட்டனீங்கள்?"

"கடற்கரை மணல்ல ஆர் செருப்புப் போடுறது, றோசம்மா?"

"போடாட்டிக் கையில பிடிக்கட்டும். ஊரெல்லாம் பாக்கப்போற புத்தகம்."

முகாமில் வெறுங்காலோடு திரிந்த பிள்ளைக்கு, ஊர் திரும்பியதும் நான் முதலில் வாங்கியது அந்தச் சிவப்புச் செருப்பு. அங்கேயே குந்தியிருந்து அவள் கையில் சிவப்புச் செருப்பைக் கீறினீர்கள். உப்புத் தண்ணீருக்குப் பயந்து செருப்பைக் கையில் கொண்டு போகிற எங்கள் கரைப் பிள்ளைகள், "இது நான், இது நான்" என்று அந்தப் பக்கத்துக்குச் சண்டை பிடித்தார்கள்.

அடுத்தடுத்த புத்தகங்களுக்கும் எங்கள் பிள்ளைகளின் முகம்தான் வேண்டுமென்றீர்கள். "புதுப் படம் ஒண்டு தபாலில போடுங்கோ, போன்ல வாறது சின்னன்" என்றுதான் கடிதம் முடியும். உங்களைப் படம் எடுக்கக் கேட்டால் மட்டும், "என்னைப் பாத்து என்ன செய்யிறது, பிள்ளையளைப் பாருங்கோ" என்று முகத்தைத் திருப்பிவிடுவீர்கள். அதனால் வந்த வினையைக் கேளுங்கள். நீங்கள் கண்ணை மூடிய பிறகு, புது அச்சின் பின்னட்டைக்கு அச்சகத்தார் உங்கள் போட்டோ கேட்டார்கள். உங்கள் மகளிடமும் ஒன்றுமில்லை. இல்லாவிட்டால் அந்த இடம் வெறுமையாகத்தான் போகும் என்றார்கள்.

ஜெனிற்றா உங்களைக் கீற இருந்தாள். நான் பக்கத்தில் இருந்து உயிரை வாங்கினேன். கொண்டையில் பென்சில் எங்கே என்றேன். மூக்கு இன்னும் கொஞ்சம் பரவட்டும் என்றேன். மூன்று தாள் கிழிந்தது. நாலாவதில் நீங்கள் வந்தீர்கள். ஆனால் கால்?

"என்னடி, அவ வெறுங்காலோட நிக்கிறா?"

"கீறேக்க அவ செருப்புப் போடமாட்டா, அம்மம்மா."

"போடாட்டிக் கையில குடு."

போட்டோவுக்குப் பதிலாக அதைத்தான் அனுப்பினோம். "பார்ப்போம்" என்று மட்டும் பதில் வந்தது.

இப்போது திருப்பிவிட்டேன், அக்கா.

இருக்கிறீர்கள். கொண்டையில் பென்சில், கையில் செருப்பு. கீழே சின்ன எழுத்தில் "படம்: ஜெனிற்றா". எழுத்துக் கூட்டி இரண்டு தரம் வாசித்தேன். எழும்பிக் கருவாடு போடுகிற வாடிக்குள் ஓடி, மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோருக்கும் காட்டினேன். ஈரக்கையால் தொடவேண்டாம் என்று கத்தியும் ஒருத்தி தொட்டுவிட்டாள். உங்கள் கொண்டையில் ஒரு செதில் ஒட்டியிருக்கிறது. அது இருக்கட்டும்.

வவுனியாவில் இருக்கும் உங்கள் மகளுக்கு நாளைக்கே ஒரு புத்தகம் அனுப்புகிறேன். ஜெனிற்றா சொந்தமாக ஒரு கதை எழுதத் தொடங்கியிருக்கிறாள். அதில் வரும் பொடியனுக்கு உங்கள் பேரனின் முகம்தான் வேண்டுமாம். அதனால் புத்தகத்தோடு ஒரு துண்டுக் கடிதமும் எழுதி வைத்திருக்கிறேன்: "மகள், பேரன்ர புதுப் படம் ஒண்டு தபாலில போடுங்கோ. போன்ல வாறது சின்னன்."