தாடிக்காரர் வைத்த கல்

அன்றைக்கு அங்கே யார் யார் இருந்தார்கள் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். டிவிக்கு முழங்கை தூரத்தில் முக்காலி போட்டு நீங்கள். பக்கத்தில் தரையில் நான். கட்டிலில் நம் மகள் கோமதி. கதவோரம் எதிர்வீட்டுப் பாவாயி அக்கா, முறத்தில் அரிசியோடு. சுவருக்கு அந்தப் பக்கம் தறிப்பட்டறையில் உங்கள் தம்பி செங்கோடன்.

நேற்று கோமதியின் போனில் குளம்புச் சத்தம் கேட்டது. அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தேன். நீங்கள் வாராவாரம் பார்த்த அதே கௌபாய் தொடர், அதே தமிழ்க் குரல். "அம்மா, அப்பா பாக்காம உட்டது கெடைச்சிருச்சு" என்றாள். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

தொடரில் துப்பாக்கி சுட்டவர்களை நீங்கள் கண்டுகொண்டதே இல்லை. சாமான் ஏற்றிய குதிரை வண்டியை ஓட்டிவரும் தாடிக்காரரைத்தான் உங்களுக்குப் பிடிக்கும். "குருதையா இருந்தா என்ன, லாரியா இருந்தா என்ன புள்ள, லோடு லோடுதான். அவரு நம்மாளு" என்பீர்கள். ஆத்தூர் ஜவ்வரிசி லோடு காத்திருந்தாலும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மல்லசமுத்திரத்தில் நம் வீட்டு முக்காலியில்தான் இருப்பீர்கள்.

தறி ஓடினால் கரண்ட் இறங்கி டிவி படம் சுருங்கிப்போகும். அதனால் அந்த அரை மணி நேரம் தறியை நிறுத்துவது நம் தெருவில் எல்லோரும் ஒத்துக்கொண்ட வழக்கம். யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை.

தாடிக்காரராக நடித்தவர் இறந்துபோய்விட்டார், அடுத்த வாரம் வருவதுதான் அவர் கடைசியாக நடித்தது என்று டிவியில் சொன்னார்கள். அதற்குச் சில நாள் முன்னால்தான் சேலத்து டாக்டர், சர்க்கரை உங்கள் கண்ணைக் கெடுத்துவிட்டது, இனி ஸ்டீயரிங் பிடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். "அந்தாளு வண்டிய எப்புடி உட்டுட்டுப் போறாருன்னு பாக்கோணும் புள்ள" என்றீர்கள். எனக்குப் புரிந்தது.

அந்தக் கடைசிப் பகுதி வந்த அன்று காலையிலேயே செங்கோடனிடம் போய்ச் சொன்னேன். "செரிங்க நங்கை, நிறுத்திப்போடறேன்" என்றார், அண்ணி சொல்லைத் தட்டாதவர் போல. நானும் நம்பினேன்.

தாடிக்காரர் வண்டியை விட்டு இறங்கினார். குதிரைகளை அவிழ்த்தார். குனிந்தார். அந்த நேரம் பார்த்து அத்தனை தறியும் ஒன்றாகக் கிளம்பியது. படம் கோடாகச் சுருங்கியது, ஸ்டெபிலைசர் டக்கென்று அடித்தது, டிவி அணைந்தது.

"எந்தக் கட்டைல போறவன்டா தறிய ஓட்டறது?" என்று பாவாயி அக்கா முறத்தைக் கீழே வைத்தார். நான் அதற்குள் சுவரோரம் போய்விட்டேன்.

"ஏனுங்க, காலைல செரின்னீங்களே?"

"வெள்ளைக்காரன் குருதை ஓட்டறதுக்கு என்ர தறி நிக்கோணுமாக்கும்?" என்றார் உங்கள் தம்பி. சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "அண்ணனுக்குத்தான் கண்ணே தெரியலையே. என்னத்தைப் பாக்கறாரு?"

தறிச் சத்தத்திலும் அது உங்கள் காதில் விழுந்தது. நான் திரும்பி வந்தபோது கறுத்துக் கிடந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "உடு புள்ள" என்றீர்கள். நான் விடவில்லை.

மறு வாரமே லாரியை ஆத்தூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டீர்கள். அவர் சாவி வாங்க வந்த காலையில், தெருமுனையில் நின்ற வண்டியின் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்தீர்கள். ஜேடர்பாளையத்து ஆற்றில் பொறுக்கி, வண்டி வாங்கிய நாளிலிருந்து கேபினிலேயே கிடந்த கல். காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தீர்கள்.

"சமதரைல எதுக்குங்க கல்லு?"

"நாம பக்கத்துல இல்லாதப்ப அது நகரக் கூடாது புள்ள."

திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தீர்கள். வண்டி போன பிறகு அந்தக் கல்லை எடுத்து வந்தது நான்.

இப்போது கேளுங்கள். அன்றைக்கு நீங்கள் பார்க்காமல் விட்டதை நான் பார்த்துவிட்டேன். தாடிக்காரர் குனிந்தது கல் எடுக்கத்தான். அந்தக் கல்லை வண்டிச் சக்கரத்துக்கு முட்டாக வைத்தார். பூட்ஸ் காலால் ஒரு தட்டுத் தட்டினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனவர்தான், திரும்பியே பார்க்கவில்லை. கோமதி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே, பார்க்காமலே, நீங்கள் அதைத்தான் செய்தீர்கள். உங்களையா கண்ணு தெரியாதவர் என்று சொன்னார் உங்கள் தம்பி?

உங்கள் கல் இன்றைக்கும் வாசல் கதவுக்கு முட்டாக இருக்கிறது. கூட்டும்போதெல்லாம் எடுத்து, திரும்ப நானே வைக்கிறேன். வேறு யாரையும் தொட விடுவதில்லை.

போன மாதம் உங்கள் தம்பி வந்தார். கண்ணுக்கு ஆபரேஷன் செய்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். "படி எங்கீங்க நங்கை இருக்குது?" என்று வாசலில் தடவினார். கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து, உங்கள் முக்காலியில் இல்லை, நாற்காலியில் உட்காரவைத்தேன். காபியை ஆற்றிக் கையில் கொடுத்தேன். "அண்ணன் இருந்திருந்தா…" என்று ஆரம்பித்தார். "காபி ஆறுது, குடிங்க" என்றேன்.

நீங்கள் அன்றைக்கே மன்னித்திருப்பீர்கள். அது உங்கள் குணம். பாவாயி அக்காவும் மறந்துவிட்டார், கோமதி அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். நான் மன்னிக்காத ஆள் ஒருவர்தான். செங்கோடன்.