கோயில்ல ஐயர் கூப்பிட்டாரு

2-1-79, செவ்வாய்

பனி ஜாஸ்தி. மலை தெரியவில்லை. விடியற்காலை மார்கழி பஜனை, தேரடி வரை. விரல் மரத்துப்போய் ஆர்மோனியத்தில் இரண்டு இடம் தவறியது. யாரும் கவனிக்கவில்லை. கவனிக்கிற காது ஒன்றுதான் இருந்தது. ஞானமுத்துவின் காது. அதுவும் போன வருஷம் கல்லறைக்குப் போய்விட்டது.

வாங்க: பசை (துருத்தி ஓரம் பிரிகிறது), மிளகு, இருமல் மருந்து.

மதியம் அவன் சம்சாரம் ரோசம்மா வந்தது. ஞாயிறு வருஷ நினைவு ஆராதனையாம்.

"எங்க பசங்க எல்லாம் கிதாருண்ணா. எங்க மாமனாரு கட்டின கீர்த்தனைய வாசிக்க ஆளில்ல. அதான் எங்க ஊட்டுக்காரருக்கு உசுரு. நீங்க வரணும். ஐயரும் கூப்பிடச் சொன்னாரு."

வருகிறேன் என்றேன். இதைக் கேட்கவும் வேண்டுமா?

எனக்கு வாத்தியார் கிடையாது. ஞானமுத்து பாடுவான், நான் கட்டையில் தேடுவேன். கிடைக்கிறவரை அதே வரியைப் பாடுவான். ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. நடுவில் வெல்லக் காப்பி. அந்த வீட்டுக் காப்பியில் ஒரு புகை வாசனை.

3-1-79, புதன்

டீக்கடை. பஜனை கோஷ்டித் தலைவன் கோவிந்தசாமி, ஞாயிறு சீக்கிரம் வரச் சொன்னான்.

"ஞாயிறு முடியாது. கோயில்ல வாசிக்கிறேன். ஐயர் கூப்பிட்டாரு" என்றேன்.

ஞானமுத்து வீட்டில் பழகிப் பழகி அவர்கள் பேச்சு என் வாயில் ஒட்டிக்கொண்டது. அவர்களுக்கு சர்ச்சும் கோயில்தான், பாதிரியாரும் ஐயர்தான்.

கோவிந்தசாமி முகம் மலர்ந்துவிட்டது. "பெரிய கோயில்லயாண்ணா! சொல்லவே இல்ல பாத்தியா!" டீக்கு அவனே காசு கொடுத்தான். கடையில் எல்லாரிடமும் சொன்னான்.

திருத்தியிருக்கலாம். எதற்கு? நான் பொய் சொல்லவில்லை.

5-1-79, வெள்ளி

முதுகுவலி. தலைக்கு எண்ணெய். மனசு சரியில்லை.

கோவிந்தசாமி கோயிலுக்கே போய், கச்சேரி எத்தனை மணிக்கு என்று குருக்களிடம் கேட்டிருக்கிறான். அவர் சிரித்திருக்கிறார். அங்கிருந்து நேராக இங்கே.

"எந்த ஐயருண்ணா? பால் பவுடர் ஐயரா?"

கூட வந்தவன்: "இனிமே ஆபிரகாம் அண்ணான்னு கூப்பிடலாமா?"

"பாட்டு வாசிக்கப் போறேன். அவ்ளோதான்."

"நீங்க மாறிட்டீங்கன்னு தெருவே பேசுதுண்ணா. ஞாயித்துக்கெழம அங்க போனா, திங்கக்கெழம பஜனைக்கு வராதீங்க."

"அந்தக் கீர்த்தனை ஆனந்தபைரவிடா. ஆனந்தபைரவிக்கு எவன் ஞானஸ்நானம் குடுத்தான்?"

போய்விட்டார்கள்.

பாட்டு பிடித்தால், சர்ச்சில் கொடுக்கிற பால் பவுடருக்கு விலைபோனவன். ஞானமுத்து அரிசி மண்டியில் உழைத்துச் சாப்பிட்டவன். அவனையும் சாகிறவரை 'அல்லேலூயா' என்றே கூப்பிட்டார்கள். அவன் சபையில் யாரும் அந்த வார்த்தையை உரக்கக்கூடச் சொல்லமாட்டார்கள். அவனுக்கு வருத்தம். வெளியே காட்டமாட்டான். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

போவேன்.

7-1-79, ஞாயிறு

போனேன். குளித்து, விபூதி பூசி, வழக்கம்போல.

வாசலில் அவர்களுடைய புது ஐயர். சின்ன வயது. இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சந்தோஷங்க ஐயா! ஆண்டவர் உங்கள ரொம்ப நாளா கூப்பிடறாரு. ஞானஸ்நானம் எப்ப வெச்சிக்கலாம்?"

"என்னைக் கூப்பிட்டது ரோசம்மா."

சிரித்தார். பிறகு, மெதுவாக, "நெத்திய மட்டும் இன்னிக்கு ஒரு நாள் தொடச்சிக்கிட்டீங்கன்னா..."

தெருவில் நான் மாறிவிட்டேன். இங்கே இன்னும் மாறவில்லை. நல்ல வேடிக்கை. ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ரோசம்மா ஓடி வந்தது. "ஐயரே, இந்த நெத்தியோடதான் எங்க ஊட்ல சாப்ட்டாரு. எங்க ஊட்டுக்காரரு சவப்பெட்டிய தோள்ல சொமந்தப்பவும் இந்த நெத்திதான். அன்னிக்கு யாரும் தொடைக்கச் சொல்லல. இன்னிக்கு மட்டும் கர்த்தருக்குக் கண்ணு கூசுதா?"

ஐயர் வழிவிட்டார். நல்ல பிள்ளைதான், பேச்சுதான் அவசரம்.

வாசித்தேன். கிதார் பையன்கள் சும்மா இருந்தார்கள். கடைசிச் சரணத்தில் ஞானமுத்து ஒரு இடத்தில் நீட்டி நிற்பான். அங்கே வந்ததும் நானும் நின்றேன். துருத்தி மட்டும் போய்க்கொண்டிருந்தது. யாரும் பாடவில்லை. ரோசம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டது.

காப்பி கொடுத்தார்கள். சர்க்கரைக் காப்பி.

8-1-79, திங்கள்

பழக்கத்தில் விழிப்பு வந்துவிட்டது. பனி. பச்சைத்தண்ணீர் குளியல். எங்கே போக என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

கதவு தட்டல். கோவிந்தசாமி. பின்னால் கோஷ்டி, ஜால்ராவும் மிருதங்கமுமாக.

"ஆர்மோனியப் பெட்டிய மட்டும் குடுங்கண்ணா. செல்வம் வாசிப்பான்."

"பெட்டி வந்தா நானும் வருவேன்."

"அடம் புடிக்காதீங்கண்ணா."

"அடம்தான். போ."

கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். வெளியே ஏதோ முணுமுணுப்பு. பெட்டி இல்லாமலே பாட்டை எடுத்துவிட்டார்கள். ஒருத்தன் மேலே, ஒருத்தன் கீழே. பல்லவி முடிவதற்குள் சுருதி எங்கேயோ போய்விட்டது. காதில் விழ விழ உடம்பு கூசியது.

பெட்டியை ஜன்னலுக்கு நகர்த்தினேன். ஒரு கட்டையை மட்டும் அழுத்தித் துருத்தியைப் போட்டேன்.

குரல்கள் ஒவ்வொன்றாக வந்து அதில் ஒட்டின. கடைசியாக கோவிந்தசாமி குரல்.

பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டையும் அங்கேயே எடுத்தார்கள். அதற்கடுத்ததையும்.

நான் தாழைத் திறக்கவில்லை. அவர்களும் நகரவில்லை.