சிங்கப்பூர் ஏற்றம்

என் தங்கமான அண்ணாவுக்கு,

இறங்கிவிட்டேன் அண்ணா. இத்தனை வருடமாக இந்தச் சொல்லை முதலில் கேட்டது நீங்கள்தான். இந்த முறையும் உங்களிடம் சொல்லாமல் எப்படி இருப்பேன்?

ஒருவர் பயணம் கிளம்பினால், அவர் போய்ச் சேரும்வரை வீடு கூட்டக் கூடாது என்பார்கள். மற்ற வீடுகளில் இதைப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். வெள்ளக்கடையில் நம் வீட்டில் மட்டும், ஜீப் ஓட்டும் நீங்கள் சீமாற்றை ஒளித்து வைப்பீர்கள். "ஏனுங்க, ஊடு நொம்பக் குப்பையா கெடக்குதுங்க" என்று அண்ணி சலித்துக்கொள்வார். "கண்ணு மொதல்ல எறங்கட்டும்" என்பீர்கள்.

நான் எப்போது இறங்குவேன் என்று தெரிந்துகொள்ளவே என் டிக்கெட்டை வாங்கிப் பார்ப்பீர்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போக ஆறரை மணி நேரம் ஆவதுபோல் இருக்கும், திரும்பி வர ஒன்றரை மணி நேரம்தான். இரண்டு பக்கமும் அதே மூவாயிரம் கிலோமீட்டர்தான், கொஞ்சம் முன்னே பின்னே. வேறு யாராக இருந்தாலும் டிக்கெட்டில் தப்பு என்றிருப்பார்கள். தினமும் ஏற்காடு மலை ஏறி இறங்கும் நீங்கள் வேறு காரணம் கண்டுபிடித்தீர்கள்.

"சிங்கப்பூரு மேட்டுல இருக்குது கண்ணு. போறப்ப ஏத்தம், வர்றப்ப எறக்கம்."

அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, எப்படிப் போனாலும் நாலு மணி நேரம்தான் என்று நானும் படித்துப் படித்துச் சொன்னேன். "கடியாரத்த யாரு வேணா திருப்பலாம். ஏத்தத்தத் திருப்ப முடியுமா?" என்று சிரித்தீர்கள். ஒண்டிக்கடை ஸ்டாண்டில் ஜீப் ஏறுகிற டூரிஸ்ட்டுகளிடமெல்லாம் அதையே சொல்லி என் மானத்தை வாங்கினீர்கள். இப்போது நினைத்தால் பெருமையாக இருக்கிறது. தங்கச்சி ஊருக்குத் திரும்பி வரும் வழி சுலபமானது என்று நம்ப இப்படி ஒரு மனசு எத்தனை பேருக்கு வரும்?

போன மாதம் அண்ணி போனில் அழுதபோது நீங்கள் போய்விட்டிருந்தீர்கள். அன்றைய டிக்கெட்டிலும் அதே ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் அந்த இறக்கம் முடியவே இல்லை அண்ணா.

உங்களைத் தூக்கிக்கொண்டு போனதும், வீடு கழுவச் சித்தி வாளியோடு வந்தார். செத்த வீட்டை உடனே கழுவியாக வேண்டுமாம். நான் சீமாற்றைப் பிடுங்கிக்கொண்டு வாசலை மறித்து நின்றேன். "அண்ணன் சேந்த சேதி இன்னும் வரலைங்க சித்தி!" என்று கத்தினேன்.

அண்ணிதான் எழுந்து வந்தார். உங்கள் ஏற்றக் கதையைக் கேட்டு இத்தனை காலம் தலையில் அடித்துக்கொண்ட அதே அண்ணி.

"குடு கண்ணு. ஏத்தமா இருந்தா நானே கூட்ட உடமாட்டேன். உங்கண்ணன் போனது எறக்கந்தான். இந்நேரம் சேந்திருப்பாரு."

சொல்லிவிட்டு அவரே கூட்டினார். நான் தண்ணீர் ஊற்றினேன்.

நேற்று நான் கிளம்பியபோது சீமாறு கண்ணில் படவில்லை. இங்கே இறங்கிக் கூப்பிட்டதும், முதல் மணியிலேயே அண்ணி எடுத்தார். "எறங்கிட்டியா கண்ணு? ஊடு அப்படியே கெடக்குது, இனிமேத்தான் கூட்டோணும்" என்றார். உங்கள் வேலையை அவர் எடுத்துக்கொண்டார் அண்ணா.

நீங்கள் இல்லையென்று வராமல் இருந்துவிட மாட்டேன். அண்ணியைப் பார்க்க அடிக்கடி வருவேன். வீட்டுக்கு வருவது இறக்கம்தானே.

மேட்டிலிருந்து,
உங்கள் தங்கச்சி கலா