அக்காவோடு ஒப்பிடப்படுதல்

என் பொல்லாத அக்காவுக்கு,

இறந்துபோனவளைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? நான் படுகிறேன். போன சனிக்கிழமை வெள்ளவத்தை இங்கிலிஷ் வகுப்பில், நீ இல்லாமலேயே நீதான் முதல் ஆள்.

டெங்குக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு நான் அந்த மாடிப்படி ஏறவில்லை. இரண்டு பேரும் ஒன்றாகத்தானே அங்கே சேர்ந்தோம்? உனக்குத் துணிக்கடையில் சுப்பர்வைசர் ஆக வேண்டும். எனக்கு, நீ போகிற இடமெல்லாம் போக வேண்டும். இப்போது அம்மாதான் பிடிவாதமாக என்னைத் திரும்ப அனுப்பினா.

அன்றைய பாடம் 'பீயிங்'. மற்றவர்கள் நமக்குச் செய்கிற ஒன்று நமக்குப் பிடிக்கும், பிடிக்காது என்று ஆளுக்கொரு வசனம் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருந்த பெண், "ஐ ஹேட் பீயிங் கோல்ட் ஆன்ட்டி" என்றா. தன்னை ஆன்ட்டி என்று கூப்பிடுவது பிடிக்காதாம். வகுப்பே சிரித்தது.

"இதிலே ஒரு ஆள் முந்தி நல்ல வசனம் ஒண்டு சொன்னவ" என்று மிஸ் பலகையில் எழுதினா. 'ஐ லவ் பீயிங் கொப்பிட் பை மை சிஸ்டர்.' தங்கச்சி என்னைப் பார்த்துச் செய்வது எனக்கு நல்ல விருப்பம். நான் கலியாண வீட்டுக்குப் போனதால் வகுப்புக்கு வராத நாளில் நீ சொன்னதாம்.

எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. உன் கையெழுத்து, உன் சேலை நிறம், நீ தலை வாரும் விதம், எல்லாம் நான் களவாக எடுத்தவை என்றல்லவா நினைத்திருந்தேன்? தெரிந்தும் என்னிடம் சொல்லாமல் ஏன் ஊரார் எல்லாருக்கும் சொன்னாய்?

"அடுத்தது நீங்கள்" என்றா மிஸ்.

கோபத்தோடு எழும்பினேன். "ஐ ஹேட் பீயிங் கொம்பெயர்ட் வித் மை சிஸ்டர்." அக்காவோடு என்னை ஒப்பிடுவது எனக்குப் பிடிக்காது.

"சரி. ஒரு பிழையும் இல்லை" என்றா மிஸ், மெதுவாக.

எனக்குத் திரும்ப உட்கார முடியவில்லை. அம்மா இப்போது "அக்காவைப் பார்" என்று சொல்வதே இல்லை, தெரியுமா? நான் வைக்கிற கறியில் உப்புக் கூடினாலும் பேசாமல் சாப்பிடுகிறா. உன் பெயரைச் சொல்லி என்னை ஏச ஒருவரும் இல்லை.

"மிஸ்" என்றேன்.

"ஓம், சொல்லுங்கோ."

"இல்லை, உங்களைக் கூப்பிடேல்லை. ஹேட்டை எடுத்திட்டு அதிலே மிஸ் எண்டு போடலாமோ?"

பிடிக்காது என்ற இடத்தில், அது இல்லாமல் தவிக்கிறேன் என்று. அவவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "போடலாம் பிள்ளை" என்று சொல்லி, என் வசனத்தை உன் வசனத்துக்குக் கீழே எழுதினா. கீழேதான். அங்கேயும் நீதான் மேலே!

அடுத்த மாதம் சோதனை. நீ எடுத்த மார்க்ஸைத் தாண்டுவேன், சத்தியம். "அக்காவைவிட நல்லாச் செய்திருக்கிறாய்" என்று அம்மாவின் வாயால் சொல்ல வைப்பேன். அன்றைக்காவது நீ என்னைப் பார்த்துக் கொஞ்சம் எரிச்சல்படு.

இப்போதும் உனக்கு அடுத்தவளாகவே நிற்கும்,
உன் தங்கச்சி